அரை மணி நேரத் தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடம்: யு.எஸ்.எம். ஆய்வுகளை நம் கட்டுரைக்குள் கொண்டுவருவது எப்படி?

போன தவணையில் படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஒரு கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்தேன். தலைப்பு, 'நாட்டு மேம்பாட்டில் பல்கலைக்கழக ஆய்வுகளின் பங்கு'. கட்டுரைகள் வந்தன. திருத்த உட்கார்ந்தால், பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளில் ஒரே வரி: "அமெரிக்க விஞ்ஞானிகள் ஆய்வு செய்து கண்டுபிடித்துள்ளனர்." எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எதைக் கண்டுபிடித்தார்? ஒன்றும் இல்லை. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவனிடம் கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் டீச்சர் எழுதுவாங்க. பக்கத்துல எதுவும் இல்லையே, என்ன எழுதறது?"

பக்கத்தில் ஒன்றும் இல்லையா? எங்கள் பள்ளி சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் இருக்கிறது. இங்கிருந்து நிபோங் திபால் பக்கம் காரில் போனால் அரை மணி நேரத்துக்குள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின், அதாவது நாம் எல்லோரும் யு.எஸ்.எம். என்று சொல்லும் பல்கலைக்கழகத்தின், பொறியியல் வளாகம் வந்துவிடும். அந்தப் பையனின் அக்காகூட அங்கேதான் படிக்கிறார். ஆனால் அந்த மதிலுக்குள் என்ன ஆய்வு நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது முழுமையாகத் தெரியாது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள் பாடத்துக்கும், தேர்வு எழுதும் மாணவர்கள் கட்டுரைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். நாம் 'பயன்பாட்டு அறிவியல்' என்கிறோம். ஓர் இயற்கை விதியை அறிந்துகொள்வதோடு நிற்காமல், அதைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க முயல்வது. ஜெர்மனியில் இதற்கென்றே தனி வகைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நான்கு அந்த வேலையைச் செய்கின்றன. பெர்லிஸில் இருக்கும் யுனிமேப் அவற்றில் ஒன்று. யு.எஸ்.எம். அந்த வகையில் சேராது, அது முழு அளவிலான ஆய்வுப் பல்கலைக்கழகம். ஆனாலும் தொடக்க காலத்தில் 'பயன்பாட்டு அறிவியல்' என்ற பெயரிலேயே அங்கு ஒரு கல்விப் பிரிவு இருந்தது. பிறந்தபோதே அந்தக் குணம் அதற்கு உண்டு.

அது பிறந்தது 1969-இல். நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம். முதலில் அதன் பெயர் பினாங்குப் பல்கலைக்கழகம். நம் வாசகர்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: சொந்தக் கட்டடம் இல்லாத அந்த நாளில் அது வகுப்பு நடத்தியது கெலுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். ஆசிரியர்கள் இடம் கொடுத்த பிறகுதான் அது பல்கலைக்கழகமாக நடக்கத் தொடங்கியது! பிறகு பிரிட்டிஷ் இராணுவ முகாமாக இருந்த மிண்டனுக்கு இடம் மாறியது. 1971-லேயே தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியதால், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிய மூத்த ஆசிரியர்கள் பலர் இதை நன்றியோடு நினைப்பார்கள். இன்று மூன்று பெரிய வளாகங்கள்: மிண்டன், நிபோங் திபால், கிளந்தானில் குபாங் கெரியான். 2008-இல் அரசாங்கம் 'அபெக்ஸ்' தகுதியை இந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் கொடுத்தது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி ஆய்வுகள். எனக்கு மிகவும் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். அது ஒரு வடிகால்.

சிம்பாங் அம்பாட்டில் இருப்பவர்களுக்கு மழை என்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மணி நேரம் கொட்டினால் லொங்காங் நிறைந்து சாலைக்கு வந்துவிடும். 2017 நவம்பரில் பினாங்கு மாநிலமே வெள்ளத்தில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்கு. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் தண்ணீர். 60 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர். ஒரு தாமானில் 500 வீடு இருந்தால் கூரைத் தண்ணீர் மட்டுமே 30 லட்சம் லிட்டர். முன்பு அதே இடம் செம்பனைத் தோட்டமாக இருந்தபோது மண் கொஞ்சம் குடித்தது, இலையும் புல்லும் கொஞ்சம் பிடித்து வைத்தன, மீதி மெல்ல ஓடியது. இப்போது சிமெண்டுத் தரை, தார்ச்சாலை, கான்கிரீட் லொங்காங். தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளுவதுதான் பழைய வடிகால் முறையின் நோக்கம். நம் தாமான் காய்ந்துவிடும். கீழே இருக்கும் கம்பம் மூழ்கும்.

நிபோங் திபால் வளாகமும் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்ததுதான். அங்குள்ள ஆற்றுப் பொறியியல், நகர வடிகால் ஆய்வு மையம், 'ரெடாக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், வடிகால் நீர்ப்பாசனத் துறையோடு சேர்ந்து வேறு மாதிரி யோசித்தது. தண்ணீரைத் துரத்தாதே, விழுந்த இடத்திலேயே பிடித்து வை. இதுதான் 'பயோஇகோட்ஸ்' என்ற உயிர்ச்சூழல் வடிகால் முறை. 2003-இல் நாட்டு மக்களுக்கு அறிமுகமானது.

அதன் வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். கட்டடத்தைச் சுற்றி கான்கிரீட் லொங்காங்குக்குப் பதிலாக ஆழமில்லாத புல் ஓடை. பார்த்தால் புல்வெளி கொஞ்சம் குழிந்திருப்பது போலத்தான் தெரியும். அதன் அடியில் மணல், மணலுக்கு அடியில் துளைகள் கொண்ட பிளாஸ்டிக் கூடுகள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருக்கும். மழைநீர் புல்லில் வேகம் குறைந்து, மணலில் வடிகட்டப்பட்டு, கூடுகள் வழியே நிதானமாக நகரும். கனமழை என்றால் மிஞ்சும் நீர் 'உலர் குளம்' என்ற இடத்தில் தேங்கும். சாதாரண நாளில் அது பந்து விளையாடும் திடல் மாதிரி இருக்கும். மழை விட்டதும் தண்ணீர் மெல்ல அடியில் இறங்கிவிடும். கடைசியில் குளங்கள், நீர்த்தாவரங்கள் வளரும் சதுப்பு நிலம். அங்கே செடிகள் அழுக்கை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகே தண்ணீர் கிரியான் ஆற்றுப் பக்கம் போகும்.

இந்த ஆய்வின் 'வெளியீடு' எது? ஆய்வுக் கட்டுரைகள் வந்தன, உண்மைதான். ஆனால் முதன்மையான வெளியீடு அந்த வளாகமே! மாணவர்கள் அதன் மேல் நடந்து வகுப்புக்குப் போகிறார்கள். அதோடு இது தனியாக நிற்கவில்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000-இல் சுற்றுச்சூழலுக்கு உகந்த வடிகால் கையேடு ஒன்றை வெளியிட்டிருந்தது. 'மஸ்மா' என்பார்கள். புதிய மேம்பாட்டுத் திட்டங்கள் அந்தக் கையேட்டைப் பின்பற்ற வேண்டும். கையேட்டில் சொன்னது நம் நாட்டு மழைக்குத் தாங்குமா என்பதற்கு நிபோங் திபால் வளாகம் ஒரு கண்முன் சான்றாக அமைந்தது. அப்படியானால் நம் தாமான்களில் ஏன் இன்னும் வெள்ளம் வருகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். என் வகுப்பிலும் கேட்டார்கள். பழைய தாமான்கள் அந்தக் கையேட்டுக்கு முன்பே கட்டப்பட்டவை. புல் ஓடைக்கு நிலம் வேண்டும், நிலம் என்றால் காசு. பராமரிப்பும் வேண்டும். குப்பை அடைத்த புல் ஓடை கான்கிரீட் லொங்காங்கைவிட மோசம். இந்தக் கேள்வியையும் பதிலையும் எழுதினாலே ஒரு நல்ல பத்தி கிடைத்துவிடும்.

அடுத்தது குப்பை. பினாங்கின் குப்பை எங்கே போகிறது? நிபோங் திபால் பக்கம் புலாவ் புரோங்கில் உள்ள குப்பை நிலத்துக்கு. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. குப்பை மலை போலக் குவிந்து, மழை அதன் ஊடாக இறங்கும்போது கறுப்பாக ஒரு நீர் வடியும். ஆங்கிலத்தில் லீச்சேட் என்கிறார்கள், நான் வகுப்பில் 'குப்பைக் கசிவுநீர்' என்று சொன்னேன். உடனே பின் வரிசையில் ஒரு மாணவன், பொதுவாக வாயே திறக்காதவன், "டீச்சர், எங்கப்பா அங்கதான் லோரி ஓட்டுறாரு. அந்தத் தண்ணி சட்டையில பட்டா ரெண்டு தடவ துவைச்சாலும் போகாது" என்றான். அதற்கப்புறம் பத்து நிமிடம் அவன்தான் பாடம் நடத்தினான். அந்த நாற்றத்துக்குப் பெரும் காரணம் அம்மோனியா. அது அப்படியே ஆற்றில் கலந்தால் மீன் சாகும்.

இந்த இடம் யு.எஸ்.எம். கட்டடப் பொறியியல் ஆய்வாளர்களுக்கு நீண்ட காலக் களம். ஹமிடி அப்துல் அசிஸ் என்ற பேராசிரியரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கசிவுநீரிலிருந்து அம்மோனியாவை எடுக்கச் செயலூட்டிய கரி உதவும். ஆனால் கரி விலை அதிகம். அதில் சுண்ணாம்புக்கல்லைக் கலந்தால் என்ன? சுண்ணாம்புக்கல் நமக்குப் பஞ்சமில்லை, ஈப்போ போகும் வழியெல்லாம் மலை மலையாக நிற்கிறது. சோதித்ததில், 5 பங்கு கரிக்கு 35 பங்கு சுண்ணாம்புக்கல் என்று கலந்தபோது ஏறத்தாழ 40 விழுக்காடு அம்மோனியாவை நீக்க முடிந்தது. கரியை மட்டுமே பயன்படுத்தினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்த 40. நூற்றுக்கு நூறு இல்லை. மீதம் 60 விழுக்காடு அப்படியே இருக்கிறது, அதற்கு வேறு முறைகள் வேண்டும். அதே குழுவும் பிற ஆய்வாளர்களும் நிறத்தை நீக்க, இரும்பை நீக்க என்று தனித்தனியாகப் பல சோதனைகள் செய்தார்கள். ஆய்வு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். "ஆய்வாளர்கள் குப்பைப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டனர்" என்று எழுதுகிறவர் ஆய்வைப் படிக்காதவர். "கரியின் பெரும்பகுதிக்குப் பதில் மலிவான சுண்ணாம்புக்கல்லை வைத்தும் அதே பயனைப் பெறலாம் என்று காட்டினர்" என்று எழுதுகிறவர் படித்தவர்.

கிளந்தானில் இருக்கும் நலவியல் வளாகத்துக்குப் போவோம். அங்கே ஆய்வு ஒரு பெட்டிக்குள் அடங்கும் பொருளாக வெளிவந்தது. டைபாய்டு காய்ச்சலை உறுதிப்படுத்த முன்பெல்லாம் நோயாளியின் இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சில நாள் ஆகும். அதற்குள் நோய் முற்றிவிடலாம். பேராசிரியர் அஸ்மா இஸ்மாயிலும் அவர் குழுவும் கிருமியைத் தேடாமல், கிருமியை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையை உருவாக்கினார்கள். 'டைபிடாட்' என்று பெயர். சில மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும். 1990-களில் விற்பனைக்கு வந்தது, மற்ற நாடுகளுக்கும் போனது. அஸ்மா இஸ்மாயில் பின்னர் 2016-இல் யு.எஸ்.எம். துணைவேந்தரானார். மலேசிய அறிவியல் கழகத்தின் முதல் பெண் தலைவரும் அவரே. பெண் கல்வி பற்றிக் கட்டுரை எழுதும்போது கல்பனா சாவ்லாவோடு இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று யானைக்கால் நோய். நம் பாட்டி தாத்தாக்களுக்குத் தெரிந்த நோய்தான். கொசு பரப்பும் நுண்புழுவால் வருகிறது. அந்தப் புழுக்குஞ்சுகளுக்கு ஒரு விந்தைப் பழக்கம் உண்டு: அவை பெரும்பாலும் இரவில்தான் நம் இரத்த ஓட்டத்துக்கு வரும். அதனால் சுகாதார ஊழியர்கள் நள்ளிரவை ஒட்டிக் கம்பங்களுக்குப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, விரலில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. யு.எஸ்.எம்-இன் மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பேராசிரியர் ரஹ்மா நோர்டின் குழு உருவாக்கிய 'புருகியா ரேப்பிட்' சோதனை எதிர்ப்புப் பொருளைத் தேடுவதால், பகலிலேயே இரத்தம் எடுக்கலாம். அரை மணி நேரத்துக்குள் விடை. உலகச் சுகாதார நிறுவனத்தின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில், இந்த வகைப் புழு உள்ள நாடுகளில் அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு பட்டை நிறம் மாறுவதால் ஒரு கம்பமே நிம்மதியாகத் தூங்க முடிந்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் பிள்ளைகளுக்கு மனத்தில் நிற்கிறது.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். கெத்தும் இலை. வட மாநிலங்களில் கெத்தும் தண்ணி என்றால் தெரியாத மாணவர் இல்லை, நம் பள்ளிகளிலும் அந்தப் பிரச்சினை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதிலுள்ள மிட்ராஜினின் என்ற வேதிப்பொருள் 2003-இலிருந்து 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதே நேரம் மிண்டனில் உள்ள போதைப்பொருள் ஆய்வு மையம் இந்த இலையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அந்த மையத்தின் பேராசிரியர் விக்னசிங்கமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏற்கெனவே கெத்தும் குடிக்கும் பழக்கமுள்ள 26 ஆண்கள். கெத்தும் நீரோ அதே போன்ற சுவை கொண்ட போலி நீரோ அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. இதை 'இருபுற மறைப்பு' முறை என்று சொல்லலாம். பிறகு கையைக் குளிர்ந்த நீரில் வைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். கெத்தும் குடித்து ஒரு மணி நேரம் கழித்துச் சராசரித் தாங்கும் நேரம் ஏறத்தாழ 11 விநாடியிலிருந்து 25 விநாடியானது.

அப்படின்னா குடிக்கலாமா டீச்சர்? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வந்தது. பதில்: இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம், பங்கெடுத்தவர்கள் 26 பேர்தான், எல்லாரும் ஆண்கள், எல்லாரும் பழகியவர்கள். வலி தாங்கும் நேரம் கூடியது என்பது ஒரு முடிவு. பழக்கம் அடிமையாக்குமா, இதயத்தையும் ஈரலையும் என்ன செய்யும் என்பவை வேறு கேள்விகள். ஓர் ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் தேடியதோ அதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். நான் மேடையில் போதை ஒழிப்பு உரையாற்றுவதைவிட, இந்த ஒரு ஆய்வைப் பிரித்துப் பார்த்தது அந்த வகுப்பில் அதிகம் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

தொல்லியலுக்கு வருகிறேன். இதுவும் அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேலைதானா என்று கேட்கலாம். மண்ணின் வயதைக் கணிப்பதும் எலும்பைப் படிப்பதும் அறிவியல் இல்லாமல் நடக்காது. பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கில் குனோங் ருந்து குகையில் பேராசிரியர் சுரைனா மஜீட் தலைமையிலான யு.எஸ்.எம். குழு 1990-களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்ததுதான் 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு. வயது 10,000 ஆண்டுக்கு மேல். அந்த மனிதருக்கு இடது கையில் பிறவிக் குறைபாடு இருந்தது. ஆனாலும் அவர் முதிர்ந்த வயது வரை வாழ்ந்திருக்கிறார். இறந்தபோது கல் கருவிகளும் சிப்பிகளும் சூழ மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். குறையுள்ள ஒருவரைக் கைவிடாத ஒரு கூட்டம் அப்போதே இங்கே இருந்திருக்கிறது. 2012-இல் லெங்கோங் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. பல ஆண்டுத் தோண்டலின் அறிக்கைகள் இல்லாமல் அந்தப் பட்டியலுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆய்வின் வெளியீடு என்பதில் அதையும் சேர்க்க வேண்டும்.

அதே பள்ளத்தாக்கில் கோத்தா தம்பான் என்ற இடத்தில் கல் கருவி செய்யும் பட்டறை ஒன்று கிடைத்தது. அங்கிருந்த எரிமலைச் சாம்பலை வைத்து முதலில் அதன் வயது 31,000 ஆண்டு என்று சொன்னார்கள். பின்னர் அந்தச் சாம்பல் சுமத்ராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுக்கு முன்பு வெடித்தபோது வந்தது என்று தெளிவானதும், பட்டறையின் வயதையும் மாற்றினார்கள். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு தடவை விடைத்தாளில் போட்ட மதிப்பெண்ணை மாற்றச் சொன்னால் எவ்வளவு யோசிக்கிறோம்! அவர்கள் அச்சில் வந்த எண்ணையே மாற்றினார்கள்.

கடாரத்தைச் சொல்லாமல் விட்டால் நம் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து பகுதியில் 2009 முதல் யு.எஸ்.எம். தொல்லியல் மையம் தோண்டிய இடங்களில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம், காற்று ஊதும் களிமண் குழாய்கள், படகுத்துறை, செங்கல் கட்டடங்கள் எல்லாம் வெளிவந்தன. கடாரம் என்றால் நாம் உடனே இராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்புக்குப் போய்விடுகிறோம். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கு இரும்புத் தொழில் நடந்திருக்கிறது என்பதே இந்த ஆய்வு தரும் செய்தி. எத்தனை நூற்றாண்டு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே, தயவுசெய்து, கட்டுரையில் "உலகின் மிகப் பழைமையான நாகரிகம்" என்றெல்லாம் எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள். "பல நூற்றாண்டுகளுக்கு முன்பே" போதும்.

இந்த இடத்தில் மனம் கனக்கிறது. அதே வட்டாரத்தில் சண்டி எனப்படும் பழைய வழிபாட்டுக் கட்டடங்கள் எண் இட்டுப் பதிவு செய்யப்பட்டவை. அவற்றில் 11-ஆம் எண் சண்டி நில மேம்பாட்டு வேலையில் இடிபட்டுவிட்டது என்ற செய்தி 2013-இல் வந்தது. ஆய்வேட்டில் அது இருக்கிறது. நிலத்தில் இல்லை. எழுதி வைப்பது மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது என்று அந்தச் செய்தியைப் படித்த அன்று தோன்றியது, இன்னும் தோன்றுகிறது.

நம் செபராங் பிறையிலேயே குவார் கெப்பா இருக்கிறது. கற்கால மக்கள் சிப்பி தின்று கொட்டிய குவியல்கள். அங்கே 2017-இல் யு.எஸ்.எம். குழு 5,000 ஆண்டுக்கு மேற்பட்ட ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது, 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டிஷார் காலத்தில் அங்கே கிடைத்த பல எலும்புக்கூடுகள் நெதர்லாந்துக்குப் போய்விட்டன. பினாங்கு என்றால் 1786, பிரான்சிஸ் லைட் என்று தொடங்கும் கட்டுரைகளுக்கு இந்தப் பெண் ஒரு நல்ல பதில்.

சில ஆய்வுகள் புத்தகமாகவும் வராது, பொருளாகவும் வராது, சேவையாக வரும். மிண்டனில் உள்ள தேசிய நச்சு மையம் அப்படி. குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டது, தோட்டத்தில் களைக்கொல்லி கண்ணில் பட்டுவிட்டது என்றால், என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்று மருத்துவருக்கும் பொதுமக்களுக்கும் சொல்லும். கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் பிரிவு, நாம் வீட்டில் கொளுத்தும் கொசுவர்த்தி உண்மையிலேயே கொசுவைக் கொல்லுகிறதா என்று சோதிக்கும். தெலுக் பஹாங்குக்கு அப்பால், படகிலோ காட்டு வழி நடந்தோ போகும் முக்கா ஹெட்டில் கடலாய்வு நிலையம் ஒன்று. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

சரி, இத்தனையையும் சேர்த்து 'ஆய்வு வெளியீடு' என்று ஒரே சொல்லால் அழைக்கலாமா? இது தமிழாசிரியர்கள் யோசிக்க வேண்டியது. 'வெளியீடு' என்றால் நமக்கு அச்சிட்ட நூல்தான் ஞாபகம் வரும். கட்டுரை, ஆய்வேடு, கையேடு ஆகியவற்றை வெளியீடு எனலாம். சோதனைப் பெட்டியும் காப்புரிமையும் 'ஆக்கம்'. நச்சு மையத்தின் பதில் 'சேவை'. நள்ளிரவில் எழுப்பப்படாமல் தூங்கும் கம்பம், அது 'பயன்'. வெளியீட்டுக்கும் பயனுக்கும் இடையில் பல ஆண்டு போகலாம், சில நேரம் பயன் வராமலே போகலாம். நான் வகுப்பில் மொத்தத்துக்கும் 'ஆய்வு விளைச்சல்' என்கிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்துகிறவர்கள் கட்டுரைகளின் எண்ணிக்கையையும், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும்தான் பெரிதாக எண்ணுகிறார்கள். எண்ணுவது சுலபம் என்பதால். புல் ஓடையில் இறங்கிய தண்ணீரை யார் எண்ணுவது? இன்னொரு வருத்தம், இந்த விளைச்சலில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கிறது, தமிழில் தேடினால் அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. லோரி ஓட்டும் அந்த அப்பாவுக்குத் தான் தினமும் போகும் இடத்தைப் பற்றி உலக ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள் என்று மகன் சொல்லித்தான் தெரிந்தது. நம்பவே இல்லையாம். "குப்பையப் பத்தியா?" என்று கேட்டாராம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு நேரடியாகச் சில வார்த்தை. மேலே உள்ள எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டை மட்டும் நன்றாகப் புரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம், சுற்றுச்சூழல், நகர மேம்பாடு என்று எந்தத் தலைப்பு வந்தாலும் புல் ஓடை பொருந்தும். சுகாதாரம், பெண்கள், அறிவியல் வளர்ச்சி என்றால் டைபிடாட் பொருந்தும். எழுதும்போது நான்கு செய்தி இருக்கட்டும்: யார் செய்தார்கள், என்ன சிக்கல், எப்படி வேலை செய்கிறது, எங்கே அதன் எல்லை. கடைசியதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். திருத்துகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுவே.

அந்தப் பையன், "பக்கத்துல எதுவும் இல்லையே" என்றவன், கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தான். பழைய வரி: "வெள்ளத்தைத் தடுக்க விஞ்ஞானிகள் பல ஆய்வுகளை மேற்கொண்டு வருகின்றனர்." புதிய வரி: "நிபோங் திபாலில் உள்ள யு.எஸ்.எம். வளாகத்தில் மழைநீரை லொங்காங்கில் விரட்டாமல் புல்லுக்கு அடியில் மெல்ல நடக்க விடுகிறார்கள். ஆனால் எங்கள் தாமானில் அதற்கு இடம் விடப்படவில்லை." லொங்காங் என்பதை 'கால்வாய்' என்று திருத்தினேன். மற்றதைத் தொடவில்லை.

அடுத்த தவணையில் ஒரு சனிக்கிழமை அந்த வளாகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போக அனுமதிக் கடிதம் எழுதியிருக்கிறேன். மழை பெய்யும் நாளாக இருந்தால் நல்லது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெற்றோர் கையொப்பப் பாரத்தில் லோரி ஓட்டுநர் அப்பா கையெழுத்துப் போட்டு, அடியில் பென்சிலில் ஒரு கேள்வியும் எழுதி அனுப்பியிருக்கிறார்: "நானும் வரலாமா டீச்சர்?"